ஒரே மணல், இரண்டு கல்

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்கு அடுத்த முறை போகும்போது சிற்பங்களைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுச் சுவரை மட்டும் பாருங்கள். அடித்தளம் கருங்கல். அதற்கு மேலே எழும்பியிருப்பது மணற்கல். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராஜசிம்ம பல்லவன் காலத்தில் கட்டியது. கருங்கல் இன்னும் திடமாக நிற்கிறது. மணற்கல்லோ பல இடங்களில் செதில் செதிலாக உதிர்ந்துவிட்டது. தூண்களில் பாயும் சிங்கங்கள் சிலவற்றுக்கு முகமே இல்லை. பின்னால் வந்தவர்கள் பூசிய சுதைதான் சில உருவங்களை உருவமாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. தொட்டால் விரலில் மணல் ஒட்டும். தொடாதீர்கள், ஏற்கெனவே உதிர்ந்தது போதும்.

அப்புறம் ஒரு நாள் பூண்டிக்குப் போங்கள். சென்னையிலிருந்து வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர். நீர்த்தேக்கத்துப் பக்கத்திலேயே தொல்பழங்காலப் பொருட்களுக்கென்று ஒரு சின்ன அருங்காட்சியகம் உண்டு. உள்ளே கற்கோடரிகள். பக்கத்தில் இருக்கும் அதிரம்பாக்கத்தில் கிடைத்த கோடரிகளுக்கு 10 லட்சம் ஆண்டுக்குக் குறையாத வயது, சராசரியாகப் பார்த்தால் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்த வகைக் கோடரி ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், செய்தவர் எங்கே தட்டினார், சில்லு எந்தப் பக்கமாகப் பிரிந்தது என்பதெல்லாம் தெரியும். இந்தக் கல்லின் பெயர் குவார்ட்சைட். அதுவும் ஒரு காலத்தில் மணல்தான்.

ஒன்று 1300 ஆண்டில் மறுபடி மணலாகிறது. இன்னொன்று 15 லட்சம் ஆண்டாகத் தழும்பைக்கூட விடாமல் வைத்திருக்கிறது. மணலுக்கும் மணலுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "மேலே பாரம் ஏற ஏற, அமுங்கி அமுங்கிக் கல்லாகிவிடும்." பள்ளிக்கூடத்தில் நானும் அப்படித்தான் எழுதி மார்க் வாங்கினேன். பாதிதான் சரி, அதுவும் முக்கியமில்லாத பாதி. பாரம் மணலை நெருக்கி உட்கார வைக்கும், அவ்வளவுதான். கல்லாக்குகிற வேலையைச் செய்வது தண்ணீர்.

இதற்கு ஆதாரம் தேடி ஆழத்துக்குப் போக வேண்டியதில்லை. ராமேசுவரத்திலும் தூத்துக்குடிப் பக்கத்துக் கரைகளிலும் அலை அடிக்கும் இடத்திலேயே பலகை பலகையாகக் கல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிப்பித் துண்டும் மணலும் சேர்ந்து இறுகிய கல். அதன் மேலே என்றைக்குமே பெரிய பாரம் ஏறியதில்லை. கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, வெயிலில் நீர் ஆவியாகும்போது மணலுக்கு நடுவே படிந்து ஒட்டவைத்திருக்கிறது. உலகில் சில கடற்கரைகளில் இப்படிப்பட்ட கல்லுக்குள் கண்ணாடி பாட்டில் துண்டுகளும் இரண்டாம் உலகப் போர்க்கால இரும்புச் சாமான்களும் மாட்டிக்கொண்டு கிடக்கின்றன. சில பத்தாண்டுகளே போதும் என்று அர்த்தம்.

மெரினா மணலில் பத்து லிட்டர் பக்கெட் நிறையக் காய்ந்த மணலை அள்ளிவந்து தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கிட்டத்தட்ட 4 லிட்டர் தண்ணீரைக் குடித்த பிறகுதான் மேலே நிற்கும். ஒரே அளவு மணிகள் குவிந்தால் ஏறக்குறைய 40 சதவீதம் வெற்றிடம். இந்த 40 என்கிற எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மணற்கல்லின் வாழ்க்கை முழுவதும் இந்த வெற்றிடத்துக்கு என்ன ஆகிறது என்பதுதான்.

புதைந்து இரண்டு கிலோமீட்டர் ஆழம் போனால் ஒரு சதுர சென்டிமீட்டரின் மேல் 400 கிலோவுக்கும் அதிகமான பாரம். மணிகள் புரண்டு, சந்து கிடைத்த இடத்தில் செருகிக்கொள்ளும். நடுவில் மாட்டிய அபிரகத் தகடு அப்பளம் மாதிரி வளையும். களிக்கல் துண்டு இருந்தால் நசுங்கிப் பிசினாகும். இவ்வளவு நடந்தும், குவார்ட்ஸ் (சிலிக்காவின் படிகம்) மணிகள் மட்டுமே இருக்கிற சுத்தமான மணலில் வெற்றிடம் 26 சதவீதம் வாக்கில் வந்து நின்றுவிடும். உருண்டைகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் நடுவில் இடைவெளி இருக்கத்தான் செய்யும், எலுமிச்சை மூட்டை மாதிரி. மீதி 26-ஐ அடைப்பது வேதியியல்.

இந்த மாற்றங்களுக்கெல்லாம் சேர்த்து நிலவியலில் டயாஜெனிசிஸ் என்று பெயர். படிவு படிந்ததிலிருந்து, அது நிஜமாகவே உருமாறிய பாறையாகிற சூட்டை எட்டும்வரை நடப்பது எல்லாம் இதில் அடங்கும். கேட்க ஏதோ பாதாளத்தில் நடக்கிற காரியம் போலத் தோன்றும். ஆனால் ஆரம்பம் உங்கள் காலடியில்தான்.

பட்டினப்பாக்கத்துப் பக்கம் உடைந்த பாலத்துக்குக் கீழே, அடையாறு கடலில் சேர்கிற இடத்தில், நீர் வற்றியிருக்கும் நேரத்தில் காலால் மணலைக் கிளறியிருக்கிறேன். மேலே பழுப்பு. ஒரு சாண்கூட வேண்டாம், விரற்கடை ஆழத்திலேயே கறுப்பு. கூடவே அழுகின முட்டை நாற்றம். கூவத்தைக் கடக்கும்போது பஸ் ஜன்னலைச் சாத்த வைக்கிற அதே நாற்றம்தான். சாக்கடையைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். திட்ட வேண்டியதுதான், ஆனால் சாக்கடையே கலக்காத சுத்தமான கழிமுகத்திலும் கொஞ்சம் இந்த வாசனை இருக்கும். காரணம் இது: மணலுக்கு அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோனதும், ஒரு வகை பாக்டீரியா கடல்நீரில் இருக்கும் சல்பேட்டை எடுத்து, மட்கும் குப்பையைத் தின்கிறது. கழிவாக ஹைட்ரஜன் சல்பைடு வெளியே வருகிறது. அது மணலில் இருக்கும் இரும்போடு சேர்ந்தால் கறுப்பான இரும்பு சல்பைடு. நாளாக நாளாக அதுவே பைரைட்டாகும், தங்கம் என்று ஏமாற வைக்கும் அந்த மஞ்சள் மினுக்குக் கல். பல கோடி ஆண்டு பழைய மணற்கல்லை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, ராஸ்பெரிப் பழம் போல் கொத்துக் கொத்தாகப் பைரைட் தெரிந்தால், அந்த மணல் ஒரு காலத்தில் இப்படி நாறியிருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆக்சிஜன் இருக்கிற இடத்தில் கதை வேறு. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டத் தேரிக்காடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு மறக்காது. கடற்கரை மணல் காற்றில் ஏறி மேடாகி, அதில் இருக்கும் இரும்புத் தாதுக்கள் மெல்லச் சிதைந்து, ஒவ்வொரு மணியின் மேலும் ஹெமடைட் பூச்சாகப் படிந்த சிவப்பு அது. மணி உள்ளே வெள்ளைதான். ஓரிரு சதவீத இரும்பு ஆக்சைடே மலை முழுக்கச் சாயம் போடப் போதும். ராஜஸ்தானிலிருந்து லாரியில் வரும் சிவப்பு மணற்கல்லும் இப்படிச் சாயம் ஏறியதுதான். பாலைவனத்தில் பிறந்ததால் சிவப்பு என்று முன்பெல்லாம் நினைத்தார்கள். சிவப்பின் பெரும்பகுதி படிந்த பிறகு ஊறியது என்பது 1960-களில்தான் தெளிவானது.

மழைநீர் இறங்குகிற பக்கம் கால்சைட் என்ற சுண்ணாம்புத் தாது கரைந்து இன்னொரு பக்கம் போய்ப் படியும். திருவக்கரையில் நடந்த மாதிரி, சிலிக்கா கலந்த நிலத்தடி நீர் புதைந்த மரத்துக்குள் புகுந்து, மரத்தின் செல்களை அப்படியே வார்ப்பு எடுத்துக் கல்லாக்கும். திண்டிவனத்துக்குத் தெற்கே அந்தப் பூங்காவில் கிடக்கும் மரங்கள் கடலூர் மணற்கல்லில் புதைந்திருந்தவை. அங்கே ஒரு வேடிக்கை: மரம் கல்லாகிவிட்டது, அதைச் சுற்றியிருந்த மணற்கல் இன்னும் பொலபொலவென்று இருக்கிறது. சிலிக்கா எங்கே படிய வேண்டும் என்பதில் அவ்வளவு பாரபட்சம் காட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் 70 டிகிரிக்கு உட்பட்ட சமாசாரம். பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சூடு 25 முதல் 30 டிகிரி ஏறும். நம் ஊரில் தரைமட்டத்திலேயே சராசரி 28 டிகிரிக்கு மேல். ஆக 2 கிலோமீட்டர் போனால் 80-ஐத் தொட்டுவிடும், 4 கிலோமீட்டரில் 140 வாக்கில். நிஜமான சமையல் இந்த இடைவெளியில்தான்.

முதலில் கரைவது ஃபெல்ட்ஸ்பார் என்ற தாது. நம் பக்கத்து ஆறுகள் நைஸ் பாறையையும் பல்லாவரத்துச் சார்னோக்கைட்டையும் அரித்துக்கொண்டு வருவதால் மணலில் ஃபெல்ட்ஸ்பாருக்குப் பஞ்சமில்லை. லேசான அமிலத் தண்ணீர் பட்டால் அது பிரிந்துபோகும்: பொட்டாசியம் நீரில் போய்விடும், அலுமினியம் கயோலினைட் என்ற வெள்ளைக் களிமண்ணாக அங்கேயே உட்காரும், சிலிக்கா மிச்சமாகும். இன்னும் ஆழத்தில், 120 டிகிரிக்கு மேல், அந்தக் கயோலினைட்டே மீதியுள்ள ஃபெல்ட்ஸ்பாரோடு சேர்ந்து இல்லைட் என்ற வேறு களிமண்ணாகிறது. மறுபடி சிலிக்கா மிச்சம்.

கயோலினைட்டும் இல்லைட்டும் பெயரளவில்தான் சொந்தக்காரர்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கயோலினைட் அடுக்கி வைத்த புத்தகக் கட்டு போல் இருக்கும். வெற்றிடத்தில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் மணற்கல்லின் துளைகளில் தேங்கும் பெட்ரோலிய எண்ணெய் சுற்றிக்கொண்டு போக வழி விடும். இல்லைட் தலைமுடி. துளைக்குக் குறுக்கே மெல்லிய இழைகளாக வளர்ந்து வலை போட்டுவிடும். இதில் ஆய்வகக்காரர்கள் ஒரு காலத்தில் நன்றாக ஏமாந்தார்கள். கிணற்றிலிருந்து எடுத்த கல்லைச் சாதாரணமாக அடுப்பில் உலர்த்தினால், ஈரம் போகும்போது அந்த இழைகள் குளித்துவிட்டு வந்த தலைமுடி போல மணியோடு ஒட்டிக்கொள்ளும். துளை திறந்துவிடும். "ஆகா, எண்ணெய் நன்றாக ஓடும்" என்று அறிக்கை போகும். கிணற்றில் எண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பிறகுதான் இழை குலையாமல் உலர்த்தும் முறைகளைக் கொண்டுவந்தார்கள்.

சரி, மிச்சமான சிலிக்கா எங்கே போகிறது? இதைச் சொல்ல எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் கற்கண்டு. கெட்டியான சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டு வைத்தால் நூலைப் பிடித்துக்கொண்டு படிகம் வளரும். அதிலேயே ஏற்கெனவே ஒரு குட்டிக் கற்கண்டு கிடந்தால் இன்னும் சுலபம். புதிது பழையதன் மேலேயே, அதே முகம் அதே கோணத்தில் வளரும். குவார்ட்ஸ் மணி செய்வதும் இதேதான். சிலிக்கா நிறைந்த நீரில் உருண்டையான பழைய மணியின் மேல் புதுக் குவார்ட்ஸ் ஏறி, பட்டை தீட்டின மாதிரி முகங்கள் முளைத்து, பக்கத்து மணியோடு போய் முட்டிக்கொள்ளும். மணற்கல்லை 0.03 மில்லிமீட்டர் தகடாக இழைத்து நுண்ணோக்கியில் வைத்தால், பழையதும் புதியதும் ஒரே படிகமாக ஒரே நேரத்தில் இருண்டு ஒரே நேரத்தில் வெளுக்கும். அது ஒரு காலத்தில் தனி மணலாக இருந்ததற்கு ஒரே சாட்சி, உள்ளே வட்டமாகத் தெரியும் ஒரு தூசிக் கோடு. ஆற்றில் உருண்ட காலத்து அழுக்கு. 1880-லேயே ஹென்றி கிளிஃப்டன் சார்பி என்ற ஆங்கிலேயர் இதைக் கவனித்து எழுதிவிட்டார். தூசி படியாத மணி என்றால் கோடும் இருக்காது, அப்போது எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சிப் பார்ப்பார்கள். பழைய மணி ஒளிரும், மேலே வளர்ந்தது மங்கலாக இருக்கும்.

அந்தப் புது வளர்ச்சிக்குள் அப்போதைய தண்ணீர் துளித் துளியாகச் சிறைப்பட்டிருக்கும். துளிக்குள் ஒரு குமிழி. கல்லை மெல்லச் சூடாக்கிக்கொண்டே போனால் ஏதோ ஒரு டிகிரியில் குமிழி காணாமல் போகும். குறைந்தபட்சம் அந்தச் சூட்டிலாவது இந்தப் படிகம் வளர்ந்தது என்று கணக்கு. இப்படிப் பார்த்துத்தான் மணிகளை ஒட்டவைக்கும் இந்தக் குவார்ட்ஸ் பிசின் 70, 80 டிகிரிக்குக் கீழே பெயருக்குத்தான் வளர்கிறது, அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஒன்றரை மடங்குக்கு மேல் வேகம் கூடுகிறது என்று தெரியவந்தது. 80-இல் இருப்பதைவிட 150-இல் 30 மடங்குக்கும் அதிகம்.

இந்த இடத்தில் ஒரு பழைய சண்டை உண்டு. அவ்வளவு சிலிக்காவும் எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து தண்ணீர் சுமந்துகொண்டு வந்தது என்பது ஒரு கட்சி. கேட்க இயல்பாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இடிக்கிறது. ஒரு லிட்டர் வெற்றிடத்தைக் குவார்ட்ஸால் நிரப்ப 2.65 கிலோ வேண்டும். 100 டிகிரித் தண்ணீரில்கூட லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் குவார்ட்ஸ்தான் கரையும், அதிலும் ஓரிடத்தில் இறக்கிவிட்டுப் போவது சொற்பம். தாராளமாக லிட்டருக்கு 10 மில்லிகிராம் விட்டுப்போகிறது என்று வைத்தாலும் 2,65,000 லிட்டர் தண்ணீர் அந்த வழியாகப் போயிருக்க வேண்டும். சென்னைக்காரருக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் பால் பாக்கெட் அளவுக் குழியை அடைக்க 12,000 லிட்டர் லாரியில் 22 லோடு. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் அந்த அளவுக்குத் தண்ணீர் ஓட வழியே கிடையாது. ஒரு மலைக்கே இப்படி என்றால் நினைத்துப் பாருங்கள்.

அதனால் சிலிக்கா பக்கத்து வீட்டுச் சரக்கு என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மணியும் மணியும் உரசுகிற இடத்தில், குறிப்பாக நடுவே அபிரகமோ களிமண்ணோ மாட்டியிருந்தால், குவார்ட்ஸ் கரைகிறது. கரைந்தது சில மில்லிமீட்டரோ சில சென்டிமீட்டரோ நகர்ந்து, சுத்தமான முகம் கிடைத்ததும் படிகிறது. வெட்டிய மணற்கல் பலகையில் ரம்பப்பல் போலக் கறுப்பு வரி ஓடுவதைச் சில சமயம் பார்க்கலாம். குவார்ட்ஸ் கரைந்துபோய்க் கரையாத அழுக்கு மட்டும் தங்கிய தழும்பு அது. பாரம் இந்த இடத்தில் மறுபடி உள்ளே வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கேகூட அபிரகத்தின் வேதியியல்தான் முன்னால் நிற்கிறது என்று இப்போது பலரும் சொல்கிறார்கள்.

இதே மாதிரிதான் அமிலக் கதையும். 1970-களின் கடைசியில் ஒரு நம்பிக்கை பரவியது: களிக்கல்லில் இருக்கும் மட்கிய உயிர்ப்பொருள் 80 முதல் 120 டிகிரியில் வேகும்போது எண்ணெய்க்கு முன்னால் கரியமில வாயுவையும் அங்கக அமிலங்களையும் விடும், அவை மணற்கல்லுக்குள் ஓடிவந்து கால்சைட்டையும் ஃபெல்ட்ஸ்பாரையும் கரைத்துப் புதிதாக இடம் உண்டாக்கும், பின்னாலேயே எண்ணெய் வந்து குடியேறும் என்று. எண்ணெய்க் கம்பெனிகளுக்குத் தேன் மாதிரி இனித்தது. சிக்கல் என்னவென்றால், அமிலம் களிக்கல்லை விட்டு வெளியே வருவதற்கு முன் அங்கே இருக்கும் கால்சைட்டையே தின்று தீர்த்துவிடும். மணற்கல்லுக்குப் போய்ச் சேருவது மிச்சம் மீதி. ஃபெல்ட்ஸ்பார் கரைந்து ஓட்டை விழுவது உண்மை. அதில் போன சரக்கு பக்கத்திலேயே களிமண்ணாகவும் குவார்ட்ஸாகவும் உட்கார்ந்துவிடுவதும் உண்மை. வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போட்டால் பணக்காரராகிவிட முடியாது.

அப்படியானால் நாலைந்து கிலோமீட்டர் ஆழத்திலும் துளைகள் திறந்தே இருக்கும் மணற்கற்கள் எப்படி இருக்கின்றன? இருக்கின்றன, எண்ணெயும் கொடுக்கின்றன. எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த பகுதி இதுதான். கற்கண்டு நூலில் எண்ணெய் தடவி வைத்தால் என்ன ஆகும்? பாகு அப்படியே இருக்க, படிகம் பிடிக்காது. சில மணற்கற்களில் ஒவ்வொரு மணியையும் சுற்றிப் பச்சை நிறக் குளோரைட் களிமண் மெல்லிசான உறை போட்டிருக்கும். சில மைக்ரான் தடிமன்தான். குவார்ட்ஸ் பிடிக்க வெறும் குவார்ட்ஸ் முகம் வேண்டும். உறை மூடியிருப்பதால் சிலிக்கா சுற்றிலும் நிறைந்திருந்தும் படிய இடமில்லாமல் நிற்கும். 26-இல் பெரும்பகுதி அப்படியே மிஞ்சும்.

இந்த உறைக்கு அச்சாரம் போடுவது ஆழத்தில் அல்ல, கழிமுகத்தில். இரும்புச் சத்துள்ள சேறு கலங்கிவரும் ஆற்று முகத்துவார மணல்களில்தான் இவ்வகை உறை அதிகம். மணலைத் தின்று வெளியே தள்ளும் புழுக்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று ஆய்வகத் தொட்டியில் புழு வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். புழுவின் வயிற்றுக்குள் போய்வந்த மணிகளின் மேல் களிமண் பூச்சு ஒட்டியிருந்தது. புதைந்து சூடேறிய பிறகு அந்தப் பூச்சு குளோரைட்டாக மாற வழி இருக்கிறது. அடையாற்று முகத்திலோ எண்ணூரிலோ மணலில் சுருள் சுருளாகப் புழுக் கழிவு குவிந்து கிடப்பதைப் பார்த்தால், ஐந்து கோடி ஆண்டு கழித்து நாலு கிலோமீட்டர் ஆழத்தில் எண்ணெய் நிற்குமா நிற்காதா என்பதில் அதற்கும் ஒரு கை இருக்கக்கூடும் என்று நினைத்துக்கொள்வேன்.

எண்ணெய் முன்கூட்டியே வந்து துளையை நிறைத்தால் குவார்ட்ஸ் வளர்வது நின்றுவிடுமா என்பது வேறு வழக்கு. பத்தாண்டுக் கணக்காக நடக்கிறது, இன்னும் தீர்ப்பு வரவில்லை.

துளைகள் அடைபடும் அதே காலத்தில் மணலில் இருந்த அரிய தாதுக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். மெரினாவில் அலை திரும்பிப் போன பிறகு கறுப்பும் இளஞ்சிவப்புமாகக் கோடுகள் தெரியுமே, கறுப்பு இல்மனைட், இளஞ்சிவப்பு கார்னெட். கூடவே சார்னோக்கைட்டிலிருந்து வந்த ஹைப்பர்ஸ்தீனும் இருக்கும். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக் கல் நம் பக்கத்துப் பாறை. அதை வைத்துத்தான் 1893-இல் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்கே பெயர் வைத்தார். ஊர் நம்முடையது, பேர் சார்னாக்குடையது.) புதைந்தால் இந்த அரிய தாதுக்களில் முதலில் கரைவது ஹைப்பர்ஸ்தீன் வகையறா. இன்னும் ஆழத்தில், சூட்டில், கார்னெட்டும் போய்விடும். எது நடந்தாலும் அசையாமல் நிற்பது சிர்க்கான், டூர்மலைன், ரூட்டைல் மூன்றும்தான். ஆக, மெரினா மணல் ஆழப் புதைந்து கல்லாகி, 10 கோடி ஆண்டு கழித்து யாராவது தோண்டி எடுத்து, அதில் இருக்கும் தாதுக்களை மட்டும் வைத்து "இந்த மணல் எங்கிருந்து வந்தது" என்று எழுதினால், பல்லாவரத்து மலை என்று ஒன்று இருந்ததாகவே அவருக்குத் தெரியாமல் போகலாம். பழைய மணற்கல்லைப் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. இல்லாத தாது வரவே இல்லையா, வந்து கரைந்துவிட்டதா?

இப்போது காஞ்சிபுரத்துக்கு வரலாம்.

மேலே வந்த கல்லுக்கும் ஓய்வில்லை. மண் அரித்துப்போய், புதைந்திருந்த கல் தரைக்குப் பக்கத்தில் வந்ததும் மழைநீர் உள்ளே இறங்கும். ஆழத்தில் படிந்த கால்சைட் கரையும், மிஞ்சிய ஃபெல்ட்ஸ்பார் வெள்ளைக் களிமண்ணாகும், இரும்பு துருப்பிடிக்கும். சிற்பி அதை வெட்டிச் சுவரில் வைத்த பிறகும் அதே வேலை தொடரும். கைலாசநாதர் கோயிலின் கல் உளிக்கு இணங்கி வந்ததே, தன் துளைகளை முழுக்கக் குவார்ட்ஸால் அடைத்துக்கொள்ளாததால்தான். அந்தத் துளைகள் வழியாகத்தான் ஈரமும் உப்பும் உள்ளே போகின்றன. வெயிலில் ஈரம் ஆவியாகும்போது உப்பு துளைக்குள்ளேயே படிகமாகி மணியைத் தள்ளும். அடுத்த மழையில் கரையும், அடுத்த வெயிலில் மறுபடி தள்ளும். பிடிப்பு விட்ட மணி உதிரும். அடியில் கருங்கல்லை வைத்துக் கட்டிய ஸ்தபதிக்கு, தரையிலிருந்து ஏறும் ஈரத்தைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கோடரிக் கல்லின் கதை இதைவிட நீளம். திருப்பதி மலைப்பாதையில் போகும்போது பஸ் ஜன்னலில் அடுக்கடுக்காகத் தெரியும் பாறைச் சுவர் இருக்கிறதே, திருமலையில் சிலாதோரணமாக வளைந்து நிற்கும் பாறை, அது நகரிக் குவார்ட்சைட். 150 கோடி ஆண்டுக்கும் மேல் வயது. சில பலகைகளில் அலை விட்டுப்போன நெளிவுகள் இன்னும் இருக்கின்றன, மெரினாவில் ஈர மணலில் தெரிவது போலவே. மணலாக இருந்ததை மறைக்கவே இல்லை, ஆனால் 40 சதவீத வெற்றிடத்தில் ஏறக்குறைய எதுவும் பாக்கியில்லை. மணியைச் சுற்றி மணியே வளர்ந்து எல்லாம் ஒரே குவார்ட்ஸாகிவிட்டது.

அந்த வட்டாரத்துக் குவார்ட்சைட் மலைகள் உடைந்து, ஆறுகளில் உருண்டு, கூழாங்கல்லாகி, 10 கோடி ஆண்டுக்கும் முன்னால் இன்னொரு முறை புதைந்தன. பூண்டிக்குப் பக்கத்தில் அல்லிக்குழி மலையில், குடியம் குகைக்குப் போகிறவர்கள் தலைக்கு மேலே பார்ப்பது அந்தக் கூழாங்கற்கள் திரண்ட பாறைதான். பிடித்துவைத்திருக்கும் பிசின் தளர்வதால் கற்கள் கழன்று விழுகின்றன. கீழே ஓடைகளில் தலையளவுக் கற்கள் கிடக்கும். கோடரி செய்தவர்கள் அதைத்தான் எடுத்தார்கள்.

சாதாரண மணற்கல்லைத் தட்டினால் விரிசல் மணிகளுக்கு நடுவே, பிசின் வழியாக வளைந்து வளைந்து ஓடும். கையில் மிஞ்சுவது சொரசொரப்பும் தூளும். குவார்ட்சைட்டில் மணிக்கும் பிசினுக்கும் வித்தியாசமே இல்லாததால் விரிசல் மணியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேராகப் போகும். சிப்பி ஓடு போல வழவழப்பாகச் சில்லு பிரியும், ஓரம் கூராக நிற்கும். 1863 மே 30-ஆம் தேதி பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் கையில் எடுத்த கல்லை ஓர் ஆயுதம் என்று அவர் அடையாளம் கண்டுகொண்டது இப்படிப்பட்ட சில்லுத் தழும்புகளை வைத்துத்தான். அதே ஆண்டு செப்டம்பரில் அதிரம்பாக்கமும் அவர் கண்ணில் பட்டது.

15 லட்சம் என்ற அந்த வயதும் இதே குவார்ட்ஸிலிருந்து வந்ததுதான். தரையில் கிடக்கும் குவார்ட்ஸின் மேல் விண்ணிலிருந்து வரும் கதிர்கள் பட்டுப் பட்டு, அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு அணுக்கள் அதற்குள் சேரும். கல் மண்ணுக்கு அடியில் போனதும் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும். அலுமினியம் சுமார் 7 லட்சம் ஆண்டில் பாதியாகும், பெரிலியம் பாதியாக ஏறக்குறைய 14 லட்சம் ஆண்டு ஆகும். மிஞ்சியிருக்கும் இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் எப்போது புதைந்தது என்று கணக்கிடலாம். அதிரம்பாக்கத்துக் களிமண்ணுக்குள் கோடரிகள் புதைந்தது அந்த மணலுக்கு மூன்றாவது முறை.